தாய்ப்பாறை ஒன்று, மண் வேறு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., புவியமைப்பியல்)

வட அமெரிக்கக் கண்டத்தின் மேற்கே, கனடாவில் தொடங்கி நியூ மெக்சிகோ வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மலைத்தொடர் கிடக்கிறது. ராக்கி மலைத்தொடர் என்று அதற்குப் பெயர். பள்ளி நாட்களில் நிலப்படத்தில் பழுப்பு வண்ணம் தீட்டியதோடு அதனுடன் எனக்கிருந்த உறவு முடிந்திருந்தது. இந்த ஆண்டு மண்ணியல் பாடத்துக்காக நம் கல்லூரி நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் ஒரு செய்தி கண்ணில் பட்டது. அம்மலைகளில் பல இடங்களில் காடுகள் நிற்பது கிரானைட் பாறை உதிர்ந்து உண்டான மண்ணின் மீது. கிரானைட்டும் அதன் உறவுப் பாறைகளும் நமக்குப் புதியவை அல்லவே! எங்கள் ஊர்க் கரடு அப்படிப்பட்ட பாறைதான்; எங்கள் வயல் செம்மண்ணும் அதிலிருந்து வந்ததுதான். தாய் ஒன்றாக இருக்க, பிள்ளைகள் ஏன் இத்தனை வேறாகப் பிறந்தார்கள்? இந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பாறையைப் பார்ப்போம். கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் சிகரம் என்றொரு மலை உண்டு. உயரம் 14,115 அடி. அதன் பாறை இளஞ்சிவப்பு நிறக் கிரானைட். வயது ஏறத்தாழ 108 கோடி ஆண்டுகள். பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா ஆகிய கனிமங்கள் பருக்கை பருக்கையாகக் கோத்துக் கட்டியது போல அதில் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் குவார்ட்ஸை வெங்கச்சங்கல் என்பார்கள். மைக்காவைக் காக்காப்பொன் என்பார்கள். பெயர் எதுவானாலும் பொருள் ஒன்றே.

இவ்வளவு உறுதியான பாறை எப்படி உதிர்கிறது? சம்மட்டி வேண்டியதில்லை; நீர் போதும். விரிசலில் இறங்கும் நீர் முதலில் கருநிற மைக்காவைத் தாக்குகிறது. தாக்குண்ட மைக்கா பருத்து, பக்கத்திலுள்ள மணிகளை நெம்பித் தள்ளுகிறது. குளிர்காலத்தில் விரிசலில் தங்கிய நீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. அதுவும் ஓர் ஆப்புதான். நாளடைவில் பாறை தூளாகாமல் மணிமணியாகப் பிரிந்து, கையால் அள்ளக்கூடிய சரளையாகி விடுகிறது. அந்நாட்டு அறிஞர்கள் இதைக் குரூஸ் என்கிறார்கள். எங்கள் ஊரில் கிணறு வெட்டுகிறவர்கள் இதை மொரம்பு என்கிறார்கள்.

எங்கள் கிணற்றின் பக்கச் சுவர் ஒரு பாடப்புத்தகம். மேலே இரண்டு முழம் செம்மண். அதற்குக் கீழே மொரம்பு. அதற்கும் கீழே உளி பட்டால் கணீர் என்று ஒலிக்கும் பாறை. ராக்கி மலைக் காட்டில் ஒரு குழி வெட்டினால் காண்பது வேறு. மேலே பைன் மரத்தின் ஊசியிலைகள் மக்கியும் மக்காமலும் இரண்டு மூன்று விரற்கடை. அதன் கீழ் மங்கிய நிறத்தில் மணலும் சரளையும். சற்றே தோண்டினால் மொரம்பு, உடனே பாறை. களிமண் மிகமிகக் குறைவு. செந்நிற மண்ணோ அரிது.

ஏன் இந்த வேறுபாடு? பெல்ட்ஸ்பார் களிமண்ணாக மாறுவது ஒரு வேதிவினை. அதற்கு வெப்பமும் வேண்டும், நீரும் வேண்டும், நெடுங்காலமும் வேண்டும். அம்மலைகளில் ஆண்டில் பல மாதம் பனி மூடியிருக்கும். கோடையோ குறுகியது, வறண்டது. போதாக்குறைக்கு, உயர்ந்த பள்ளத்தாக்குகளில் பனியாறுகள் பழைய மண்ணைச் சுரண்டிக் கொண்டு போயின. அவை பின்வாங்கிச் சுமார் 12,000 முதல் 15,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே 100 கோடி ஆண்டுப் பாறையின் மேல் இருப்பது நேற்றுப் பிறந்த மண். நம் நாட்டிலோ வெயிலும் பருவமழையும் மாறி மாறி வந்து, நெடுங்காலமாகப் பாறையைச் சமைத்திருக்கின்றன. இரும்பு துருப்பிடித்துச் சிவந்தது, பெல்ட்ஸ்பார் களியானது.

ஹான்ஸ் ஜென்னி என்ற அறிஞர் 1941-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதையெல்லாம் ஒரு சூத்திரத்துக்குள் அடக்கினார். மண்ணை உருவாக்கும் காரணிகள் ஐந்து: தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், தாய்ப்பாறை, காலம். இதைப் படித்த அன்று வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமலே இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "இந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவுதான் வரும்" என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன். தாய்ப்பாறை என்பது ஐந்தில் ஒன்றே. மீதி நான்கும் பிறப்புக்குப் பின் வருவன. இது மண்ணுக்குச் சொன்ன விதிதான் என்பதை அறிவேன். ஆயினும் எனக்கும் ஆறுதலாக இருந்தது.

அந்த ஐந்தில் "உயிர்கள்" என்ற சொல்லின் பொருளை ராக்கி மலைக் காடுகளே எனக்கு விளக்கின. பாண்டரோசா பைன், டக்ளஸ் பிர், இன்னும் உயரே எங்கல்மன் ஸ்புரூஸ் என்று மரங்கள் அங்கே அணிவகுத்து நிற்கின்றன. இவ்வளவு மெல்லிய மண்ணில் அவை எப்படி நிற்கின்றன? பாறை வெடிப்புக்குள் வேரைச் செலுத்தி நிற்கின்றன. வேரோடு கூட்டு வாழும் பூஞ்சைகள் சத்தைத் திரட்டித் தருகின்றன. உதிர்த்த இலையிலிருந்தே மரம் மீண்டும் உண்கிறது. மண் காட்டைத் தாங்குகிறது என்பது பாதி உண்மை. காடுதான் மண்ணைத் தாங்குகிறது என்பது மறுபாதி. களி இல்லாத சரளைக்கு ஒட்டும் தன்மை கிடையாது. சரிவில் அதைப் பிடித்து வைத்திருப்பவை வேரும் இலைப்படுகையும் மட்டுமே.

அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும்? 1996-ஆம் ஆண்டு மே மாதம், கொலராடோவில் பபலோ கிரீக் என்னுமிடத்தில் ஏறத்தாழ 12,000 ஏக்கர் காடு எரிந்தது. அதுவும் பைக்ஸ் சிகரக் கிரானைட் நிலமே. தீயோடு துயரம் முடியவில்லை. இலைப்படுகை எரியும்போது எழும் மெழுகு போன்ற ஆவி, மண்ணுக்குள் சற்றுக் கீழே சென்று படிந்து, நீர் புகாத ஒரு படலமாகிறது. சரளை மண்ணில் இது எளிதில் நேர்கிறது. இரண்டு மாதம் கழித்து, ஜூலை 12 அன்று, கடும் மழை கொட்டியது. நீர் உள்ளே இறங்க வழியின்றி மண்ணை வாரிக்கொண்டு ஓடியது. வெள்ளத்தில் இருவர் மாண்டனர். டென்வர் நகருக்குக் குடிநீர் தரும் ஸ்ட்ரான்சியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் சரளை போய்க் குவிந்தது. 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதே வட்டாரத்தில் ஹேமன் தீ 1,38,000 ஏக்கர் அளவுக்குப் பரவியது. நீர்த்தேக்கத்தைத் தூர்வாரவும் சரிவுகளைக் காக்கவும் பல கோடி டாலர் செலவாயிற்று.

தீ மட்டும் குற்றவாளி அல்ல. தாழ்ந்த சரிவுகளின் பைன் காடுகளில் சிறுசிறு தீ என்றும் வந்து போனதுதான். அதை நூறாண்டு காலம் அணைத்து அணைத்து விறகு சேரவிட்டவன் மனிதன். வடக்கே ஐடஹோ மாநிலத்தில் தீயே இல்லாமலும் இது நடந்தது. அங்கும் கிரானைட் மலைகள். மரம் வெட்டி இறக்குவதற்காகச் செங்குத்தான சரிவுகளில் சாலைகள் போட்டார்கள். 1960களின் நடுவில் பெய்த பெருமழையில் சாலையோரச் சரிவுகள் இடிந்து, சால்மன் ஆற்றின் தெற்குக் கிளையில் மண் நிறைந்தது. மீன்கள் முட்டையிடும் கூழாங்கல் படுகைகள் மணலில் புதைந்தன. பின்னர் அரசே அங்கு மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது.

அயல்நாட்டு மண்ணைப் படிப்பதால் நமக்கென்ன பயன் என்று சில நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் நிலத்தின் மேல்பக்கம், கரட்டை ஒட்டி, அரை ஏக்கர் சரிவு. வெள்ளாமை கிடையாது. ஊஞ்சையும் வேலமும் நிற்கும், ஆடு மேயும். சென்ற தை மாதம் லாரிக்காரர் ஒருவர் வந்தார். சாலை வேலைக்கு மொரம்பு வேண்டுமாம். அனுமதி வாங்குவது முதல் எல்லாம் அவர் பொறுப்பாம். "சும்மா கிடக்கிற மேடுதானே" என்றார். அவர் சொன்ன தொகை என் மீதிப் படிப்புக்கும் விடுதிக்கும் போதும்.

அப்பா என்னிடம், "நீ மண்ணைப் பத்தித்தானே படிக்கிற கண்ணு, நீயே சொல்லு" என்றார். அவர் ஒரு காரியத்தில் என்னிடம் கருத்துக் கேட்டது அதுவே முதல் முறை. பணம் என் படிப்புக்கு, பதிலும் என்னிடமிருந்து. தொண்டை வறண்டு விட்டது. பபலோ கிரீக்கைப் பற்றியும், ஐடஹோவின் சாலைகளைப் பற்றியும் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். கிரானைட் மலையில் ஆயிரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மண்தான் புதிதாக உண்டாகும் என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எரிஞ்ச எடத்துல திரும்ப மரம் வந்துச்சா?" என்றார். ஹேமன் தீ கடுமையாக எரித்த பல சரிவுகளில் இருபது ஆண்டு கழிந்தும் பைன் வரவில்லை, புல்லும் புதருமே என்றேன்.

நான்கு நாள் கழித்து லாரிக்காரருக்கு அவர் சொன்ன காரணம் என் பாடத்தில் இல்லாதது. "அந்த மேட்டுல விழுற மழைதாங்க எங்க கிணத்துக்கு வருது. மேடு போனா தண்ணி போயிரும்." மழைநீரைக் குடித்து மெல்லக் கசியவிடும் பஞ்சு அந்த மொரம்பு என்பதை எழுதப் படிக்கத் தெரியாத அவர் முன்பே அறிந்திருக்கிறார். நான் சொன்னது அவர் அறிவுக்கு ஒரு சாட்சியம், அவ்வளவே.

பணம் வரவில்லை. விடுதிக் கட்டணத்துக்காக அம்மா ஒரு கறவை மாட்டை விற்றார். "மண்ணை வெச்சுக்கிட்டு மாட்டை வித்தீங்களே, இது என்ன கணக்கு?" என்று அவர் இன்றும் கேட்கிறார். அதற்கு நான் மறுமொழி சொல்வதில்லை. பாலை இழந்தவர் அவர்தானே.

ஜென்னி சொன்ன உயிர்கள் என்ற காரணியில் மரமும் பூஞ்சையும் மட்டுமல்ல, மனிதனும் அடக்கம். கொலராடோவிலும் ஐடஹோவிலும், எங்கள் கரட்டடியிலும் இதுவே நான் கற்ற பாடம். மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பேருந்தின் சன்னல் வழியே, சாலைக்காக வெட்டிய மேடுகளைப் பாருங்கள். மேலே சாணளவு சிவப்பு, கீழே மொரம்பு, அதன் கீழே பாறை தெரியும். நாம் உண்ணும் சோறு முழுவதும் அந்தச் சாணளவில்தான் விளைகிறது.