பச்சைத் தண்ணீர்

கராட்டி உடுப்பு வாங்கும்போது ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும். பருத்தி சுருங்கும். நெய்யும்போது இழுபட்டு விறைத்து நின்ற நூல், தண்ணீர் கண்டவுடன் தளர்ந்து தன் பழைய நீளத்துக்குப் போகப் பார்க்கும். சுடுதண்ணீரும் றையரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கை முழங்கைக்கு ஏறும், காற்சட்டை கணுக்காலுக்கு மேலே நிற்கும். ஆகவே பச்சைத் தண்ணீரில் தோய்த்து, நன்றாக உதறி, நிழலில் காயப்போட வேண்டும். குளோறின் கூடாது. அது பருத்தி இழையைத் தின்னும், கலப்புத் துணியை மஞ்சளாக்கும். வகுப்பு முடிந்த அன்றைக்கே தோய்க்க வேண்டும். வியர்வையோடு சுருட்டிப் பைக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், பிறகு எதற்கும் போகாது.

இவ்வளவும் நியூ ஜேர்சியில், எடிசனுக்குக் கிட்ட, பீற்சாக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்த கராட்டிப் பள்ளியில் என் மகளுக்குக் கொடுத்த ஒற்றைத் தாளில் இருந்தவை. கடைசி வரி தடித்த எழுத்தில் இருந்தது: உன் உடுப்பை நீயே தோய்க்க வேண்டும். மகளுக்கு அப்போது ஒன்பது வயது.

"பிள்ளையைக் கொண்டு உடுப்புத் தோய்ப்பிக்கிற இடத்துக்கு நாங்கள் மாதம் மாதம் காசும் கட்டுறமோ?" என்று இவர் கேட்டார். ஆனாலும் பேஸ்மென்றிலிருந்த மெஷினுக்குப் போட குவாட்டர் நாணயங்களைச் சேர்த்துக் கொடுத்தவரும் இவர்தான். மகள் கூடையைத் தூக்கிக்கொண்டு தனியே கீழே போவாள். அங்கே பெரியவர்களோடு வரிசையில் நிற்பதில் அவளுக்கு ஒரு பெருமை.

பெல்ற் விஷயத்தில் தாள் வேறு மாதிரிச் சொன்னது. அதைத் தோய்க்காதே, சாயம் கரையும், உள்ளே அடுக்கடுக்காக வைத்துத் தைத்த பருத்தி சுருங்கி முறுகும், வியர்த்தால் காற்றில் தொங்கவிடு. பிள்ளைகள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட காரணம் இதைவிட ருசியானது. தோய்த்தால் அத்தனை வருஷப் பயிற்சியும் தண்ணீரோடு போய்விடுமாம். முந்தி எல்லாரும் வெள்ளைப் பட்டிதான் கட்டினார்களாம். தோய்க்காமல் விட்டுவிட்டு அழுக்கேறி, மஞ்சளாகி, மண்ணிறமாகி, கடைசியில் கறுத்துப்போனதாம். அழகான கதை, ஆனால் நடந்தது அப்படியில்லை. 1882 இல் யூடோவைத் தொடக்கிய ஜிகோரோ கானோ, தேர்ந்த மாணவரை மற்றவரிலிருந்து பிரித்துக் காட்ட 1880களில் கறுப்புப் பட்டியைக் கொண்டுவந்தார். நடுவிலுள்ள நிறங்கள் 1920களிலும் 30களிலும் லண்டன், பாரிஸ் யூடோக் கழகங்களில் பரவியவை. அழுக்குக்கும் தகுதிக்கும் அங்கே சம்பந்தமில்லை. அழுக்கை வைத்து ஆளை அளக்கிற கலையில் நாங்கள்தான் தேர்ந்தவர்கள்.

வெள்ளை உடுப்பின் கதை எங்களுக்கு இன்னும் கிட்டியது. ஒக்கினாவாத் தீவில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த கிச்சின் ஃபுனகோஷி, 1922 இல் தோக்கியோவுக்கு வந்தார். ஐம்பது வயது கடந்துவிட்டிருந்தது. மனைவி வரவில்லை, மூதாதையரின் கல்லறைகளைப் பார்க்க ஆள் வேண்டுமென்று தீவிலேயே நின்றுவிட்டார். ஊரில் கராட்டிக்கென்று தனி உடுப்புக் கிடையாது, உடம்பில் கிடந்ததோடு பழகினார்கள். தலைநகரில் கானோவின் மண்டபத்தில் செய்துகாட்ட அழைத்தபோது, யூடோ உடுப்பைப் பார்த்துத் தன் கையாலேயே ஒன்று தைத்துக்கொண்டு போனார் என்பார்கள். 1924 இல் தன் மாணவருக்கு முதல் கறுப்புப் பட்டிகளைக் கொடுத்தார். அந்த வருஷங்களில் ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவல் காத்து, தோட்டம் பார்த்து, அறைகள் கூட்டிச் சீவித்ததை அவரே தன் நினைவுகளில் எழுதியிருக்கிறார். பகலில் விளக்குமாறு, இரவில் வெள்ளை உடுப்பு. பாரிசில் கோப்பை கழுவிவிட்டு இரவில் கவிதை எழுதிய எங்கள் பெடியளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊரில் வெள்ளை என்பது கட்டாடியாரின் வேலை. மூட்டையாகக் கட்டிப் போன உடுப்பு உவர்மண் கரைசலில் ஊறி, பெரிய பானைக்கு மேலே அடுக்கி, இரவிரவாக வெள்ளாவியில் அவிந்து, கல்லில் அடிபட்டு, வெயிலில் காய்ந்து, நீலமும் கஞ்சியும் பட்டு, கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டிக்குள்ளால் வெளிவரும். நீலம் வெளுக்கிற மருந்து அல்ல. மஞ்சளை மறைத்துக் கண்ணை ஏமாற்றுகிற நிறம். இன்றைய சவர்க்காரத் தூள்களும் வேறு இரசாயனத்தால் அதே ஏமாற்றைத்தான் செய்கின்றன. உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. சேங்கொட்டைச் சாற்றைத் தொட்டு இடுவார்கள். எந்த வெள்ளாவிக்கும் அது அழியாது. எங்கள் வீட்டுக் குறி ஒரு கோடும் இரண்டு புள்ளியும்.

உடுப்பெடுக்க வருகிறவ என் அம்மம்மாவிலும் மூத்தவ. நாலு வயதுப் பிள்ளையும் அவவைப் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் கூப்பிடும். அவ அந்தப் பிள்ளையை 'நாச்சியார்' என்பா. தேத்தண்ணி சிரட்டையில், முற்றத்தில். கலியாண வீடானாலும் செத்த வீடானாலும் அவர்கள் வந்து வெள்ளை கட்டாமல் பந்தல் இல்லை. கட்டிய வெள்ளைக்குக் கீழே அவர்களுக்கு இருக்க இடமில்லை. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் போராட்டம் நடந்தது. எங்கள் முற்றத்துச் சிரட்டை அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் முற்றத்திலேயே கிடந்தது.

நான் பெரியபிள்ளையானது 1974 இல். என்னை ஒரு அறைக்குள் இருத்தினார்கள். நான் உடுத்திருந்த துணியைத் தொட வீட்டில் ஒருவருக்கும் கையில்லை. அவ வந்துதான் எடுத்தா. வெளியில் நின்று அம்மம்மாவோடு கதைத்தது எனக்குக் கேட்டது. "இதை நேரை வெள்ளாவியில வைக்கேலாது நாச்சியார். முதல் பச்சைத் தண்ணியில அலச வேணும். சூடு பட்டா ரத்தம் நூலோட ஒட்டிப்போம்." அம்மம்மா "ம்" என்றா. அந்த வீட்டுப் பெண்களில் யாருக்கும் அந்த விஷயம் தேவைப்பட்டிருக்கவில்லை. மாதாமாதம் நாங்களே தோய்த்த துணிகளைக்கூட கிணற்றடிக்குப் பின்னால், வேறு துணிக்குக் கீழே மறைத்துத்தான் காயப்போடுவோம். வெயில் படவேண்டிய துணிக்கு வெயில் கிடைக்காது.

2004 பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை மகள் வகுப்பிலிருந்து வந்தாள். குளிருக்குப் போடுகிற ஜக்கெற்றை இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்தாள். பதின்மூன்று வயது. என்னைக் கடந்து குளியலறைக்குள் போய் வெள்ளைக் காற்சட்டையைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்தாள். நான் பழக்கதோஷத்தில் சுடுதண்ணீர்ப் பக்கம் கையை நீட்டினேன்.

"சுடுதண்ணி வேண்டாம் அம்மா. புரோட்டீன் இறுகிப் போயிடும். முட்டை மாதிரி."

மூக்குடைந்தால் என்ன செய்வதென்று அந்தத் தாளில் ஒரு பகுதி இருந்ததாம். பச்சைத் தண்ணீர், பிறகு சவர்க்காரம், மிச்சமிருந்தால் மண்ணிறப் போத்தலில் மருந்துக்கடையில் விற்கிற ஐதரசன் பெரொக்சைட். அதை ஊற்றியபோது துணி நுரைத்துப் பொங்கியது. இரத்தத்திலுள்ள ஒரு நொதியம் அதை உடைத்து ஒட்சிசனாக்குகிறது என்று விஞ்ஞான வகுப்புக் குரலில் எனக்குச் சொன்னாள். முப்பது வருஷத்துக்கு முந்தி முற்றத்தில் நின்று ஒரு கிழவி சொன்னதை அமெரிக்கக் கராட்டிப் பள்ளி அச்சடித்துக் கொடுத்திருந்தது. அவவிடம் கேட்டு எழுதிவைக்க எங்கள் ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செய்தி எப்படித்தான் போனதோ, இரண்டாம் நாள் ரொறன்ரோவிலிருந்து மாமி எடுத்தா.

"சாமத்திய வீடு எப்ப? ஹோல் பாத்தாச்சோ?"

"சனிக்கிழமை இவளுக்குப் பெல்ற் சோதனை மாமி. அதுக்குப் பிறகு பாப்பம்."

"துடக்கோட என்ன கராட்டி? பிள்ளையை வெளியில விடாதை. அது சரி, அந்தத் துணியை என்ன செய்தனீ?"

"அவளே தோய்ச்சுக் காயப்போட்டிட்டாள்."

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "கட்டாடி வேலையைப் பிள்ளையைக் கொண்டு செய்விக்கிறியோ?" என்றா. விமானமேறி, பனி தாண்டி, இரண்டு வேலை செய்து வீடு வாங்கிய மனுசி. இதை மட்டும் சூட்கேசில் கவனமாக மடித்துக் கொண்டுவந்திருந்தா. நான் சண்டை பிடிக்கவில்லை. "ஓம் மாமி, அவளின்ரை உடுப்புத்தானே" என்று சொல்லி வைத்துவிட்டேன். சாமத்திய வீடு நாங்கள் செய்யவில்லை. மாமி இரண்டு வருஷம் கதைக்கவில்லை.

உடுப்பு குளியலறைத் திரைக் கம்பியில் காய்ந்தது; பல்கணியில் துணி தொங்கவிடக் கூடாதென்பது அந்தக் கட்டடத்தின் சட்டம். சனிக்கிழமை உள்ளே கறுப்புக் கட்டைக் காற்சட்டை போட்டுக்கொண்டு போய் மண்ணிறப் பட்டி எடுத்தாள். வெள்ளையைப் பற்றிய பயம் அவளுக்கு மட்டுமில்லை என்பது பிறகு எல்லாருக்கும் தெரியவந்தது. விம்பிள்டனில் பெண்கள் வெள்ளைப் பாவாடைக்குள் நிறமுள்ள உட்காற்சட்டை போடலாமென்று 2023 இல்தான் விதியைத் தளர்த்தினார்கள்.

அந்தக் கிழவியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாணம் முழுக்க எழும்பி நடந்ததே, அப்போது அவவும் நாவற்குழிப் பாலத்தால் நடந்தவ. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கண்டதாக அம்மா எழுதியிருந்தா. அவவின் பொட்டணிக்குள் சொந்த உடுப்பிலும் பார்க்க ஊராரின் உடுப்புத்தான் கூடவாம். தோய்த்துக் கொடுக்க முதல் வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் குறியைப் பார்த்து எங்கள் வீட்டுச் சேலை இரண்டை எடுத்துக் கொடுத்தாவாம். அன்றிரவு ஒரே விறாந்தையில், ஒரே பாயில் படுத்தோம் என்று அம்மா எழுதியிருந்தா. அதற்கு மேல் அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. வன்னிக்குப் போன பிறகு அவவின் சேதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

மகள் இப்போது ரெக்ஸாசில், ஓஸ்ரினில் வேலை. சனிக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். அவளின் கறுப்புப் பட்டியில் சற்றின் தேய்ந்து உள்ளே வெள்ளைப் பருத்தி தெரிகிறது, மாற்ற மாட்டாளாம். வகுப்பு முடிந்தால் எல்லாருடைய வெள்ளையும் ஒன்றாகக் குவிந்து மாறிப்போகிறது என்பதால், கழுத்துப் பட்டிக்கு உள்ளே தன் பெயருக்குப் பதிலாக ஒரு கோடும் இரண்டு புள்ளியும் போடுகிறாள். மார்க்கர் பேனா ஆறேழு தோய்ச்சலில் மங்கிவிடுகிறதாம். சேங்கொட்டை எங்கே வாங்கலாம் என்று போன கிழமை கேட்டாள். தோலில் பட்டால் புண்ணாக்கும், கவனம் என்று சொன்னேன்.