பெரியப்பாவோட டிராக்டரும் ரெண்டு அலுமினியப் பட்டையும்

மாட்டுப் பொங்கல்னா மாட்டுக்கு மட்டும்தான் பொட்டு வைப்பாங்கன்னு நினைக்கிற பட்டணத்து மக்கள், அன்னிக்கு சாயங்காலம் மதுரையிலேர்ந்து சோழவந்தான் போற ரோட்டுல ஒரு நடை வந்து பாருங்க. டிராக்டருக்கும் சந்தனம், குங்குமம், மாலை, வாழைக்கன்னு எல்லாம் உண்டு. ஆயுத பூஜைக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒரு தடவை. மாலை மறுநாள் வாடிரும், அதப் பத்திக் கவலையில்ல. ஆனா பானெட்டுக்கு ரெண்டு பக்கமும் பளபளன்னு பட்டை அடிக்கிறாய்ங்க பாருங்க, அது ஒரு உழவு முடியறதுக்குள்ள பாதி வயல்ல கிடக்கும். அது உதிராம நிக்கிறதுக்கு என்ன வழிங்கிறதுதான் இந்தப் பதிவு. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

எங்க பெரியப்பாகிட்ட இருக்கறது பழைய மாஸி ஃபெர்குசன் 1035. சென்னையில 1960ல ஆரம்பிச்ச டாஃபே கம்பெனி தயாரிப்பு. அவங்களுக்கு நம்ம பக்கமே, திண்டுக்கல் போற வழியில கல்லடிப்பட்டியில, ஒரு தொழிற்சாலை இருக்கு. அதனாலயோ என்னவோ, எங்க ஊர்ப் பிள்ளைகளை டிராக்டர் படம் வரையச் சொன்னா கேக்காமலே சிவப்பு கிரேயானத்தான் எடுக்கும்.

பேத்திக்கு காதுகுத்து வந்துச்சு. அண்ணன்தான் தாய்மாமன். மதுரைப் பக்கம் தாய்மாமன் சீர்னா என்ன ஆர்ப்பாட்டம்னு உங்களுக்குத் தெரியும். மேளம், வேட்டு, தாம்பாளத்தட்டு, பின்னாடி டிராக்டர்ல பீரோ, அண்டா, ஆட்டுக்கிடா. "புது டிராக்டர் ஒண்ணு வாடகைக்குப் பிடிச்சிருவோம்ப்பா, நம்ம வண்டி பாக்க நல்லாவா இருக்கு?"ன்னு அண்ணன் கேட்டுட்டாரு. பெரியப்பா ஒண்ணும் சொல்லல. ராத்திரி சாப்பாட்டுல உக்காந்தப்பதான் சொன்னாரு: "அவ ஆத்தாள படிக்க வச்சது இந்த வண்டிடா. கட்டிக்குடுத்ததும் இந்த வண்டிதான். அவ மகளுக்கு சீர் மட்டும் வாடகை வண்டியிலயா?" அதுக்கு மேல யாரும் பேசல.

ஆக, வண்டிய மணப்பொண்ணு ஆக்கணும். பெயிண்ட் அடிச்சாச்சு. மீதி இருந்தது பட்டை. பழசு எப்பவோ போயிருச்சு, தகடுல ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. அந்த ஓட்டைகளே கதைய சொல்லிருச்சு. எல்லாமே ஆரம்பத்துல வட்டமா இருந்து, ஆடி ஆடி முட்டை வடிவமா ஆனது.

ஏன் இப்படி ஆவுது? பட்டறை அண்ணன் விளக்கினாரு. கார்ல எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ரப்பர் இருக்கும், சக்கரத்துக்கு மேல ஸ்பிரிங் இருக்கும். இந்த மாதிரி டிராக்டர்ல ரெண்டும் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூணையும் ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு இறுக்கினா அதுதான் வண்டியோட முதுகெலும்பு. மூணு சிலிண்டர் டீசல், நிமிஷத்துக்கு 1800 சுத்து ஓடுதுன்னா செகண்டுக்கு 45 வெடி. அந்த 45 அடியும் நேரா பானெட் தகட்டுக்கு வரும். டிராக்டர்ல பட்டையோட எதிரி பாரமில்ல, ஆட்டம். சும்மா தகடு ஸ்க்ரூ போட்டா, மெல்லிசு தகட்டுல ஒண்ணு ரெண்டு மறைதான் பிடிச்சிருக்கும். நாள் பூரா ஆடினா அதுவும் தின்னு போயிரும்.

ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு போட்டா என்னன்னு நான் கேட்டேன். புது வண்டிக்கு சரி, இங்க எண்ணெய்ப் பிசுக்கு, சைலன்ஸர் சூடு, சித்திரை வெயில், தொளி உழவுச் சேறு எல்லாம் சேர்ந்தா எத்தனை நாளைக்கு நிக்கும்னு திருப்பிக் கேட்டாரு.

கடைசியில செஞ்சது இதுதான்:

1. பழைய ஓட்டைகளை வெல்டிங் வச்சு அடைச்சு, ராவி, ரெட் ஆக்சைடு அடிச்சது. பெருத்த ஓட்டையிலயே மறுபடி மாட்டினா மறுபடி ஆடும்.

2. பட்டையில நடு ஓட்டை மட்டும் வட்டம். மத்ததெல்லாம் கொஞ்சம் நீளவாக்குல. ஏன்னா இரும்பை விட அலுமினியம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஒரு மீட்டர் பட்டைக்கு சூடு 40 டிகிரி கூடினா அரை மில்லிமீட்டர் கிட்ட வித்தியாசம் வந்துரும். நெளிய இடம் குடுக்கலைன்னா ரிவிட்டை அறுத்துரும். ரிவிட் அடிக்கறதும் நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு ரெண்டு ஓரத்துக்கும் போகணும்.

3. பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவுல பழைய சைக்கிள் டியூபை வெட்டி வச்சது. ஆட்டத்தையும் வாங்கிக்கும், அலுமினியமும் இரும்பும் ஈரத்துல நேரா தொட்டு அரிச்சுப்போறதையும் தடுக்கும்.

4. பாப் ரிவிட்டுக்கு உள்பக்கம் அகலமான வாஷர். ரெண்டு முனையில மட்டும் சின்ன போல்ட்டு, நைலான் லாக் நட்டு. சாதா நட்டு ஆட்டத்துல தானா கழண்டுக்கும், இது பிடிச்சுக்கும்.

இன்னொண்ணு முக்கியம். இந்த வண்டியில பானெட்டுக்குக் கீழயே டீசல் டேங்க். ட்ரில் பிட்டு ஒரு இஞ்ச் கூடுதலா உள்ள போச்சுன்னா பட்டையாவது ஒண்ணாவது! பட்டறை அண்ணன் பேட்டரி வயரைக் கழட்டிட்டு, பிட்டுல ஒரு குழாய்த் துண்டை மாட்டி, நுனி மட்டும் வெளிய தெரியற மாதிரி வச்சுக்கிட்டுதான் ஓட்டை போட்டாரு. எந்த எஞ்சினியரிங் காலேஜுல படிச்சாரோ!

எல்லாம் முடிஞ்ச நேரத்துல அண்ணனோட கூட்டாளிக வந்தாய்ங்க, கை நிறைய ரோஸ் கலர் குஞ்சம், பழைய சுங்குடிச் சேலையில தச்ச தோரணம். "பின்னாடி ரெண்டு பக்கமும் தொங்க விட்டா சும்மா தேர் மாதிரி இருக்கும் பெரியப்பா"ன்னாய்ங்க. அதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்த மனுசன் முகம் மாறிருச்சு. "சீட்டுக்குக் கீழ ஒரு நூலு தொங்கக்கூடாது."

காரணம் எனக்குத் தெரியும். டிராக்டருக்குப் பின்னால பிடிஓன்னு ஒரு தண்டு நீட்டிக்கிட்டு இருக்கும். நெல்லடிக்கிற மிஷின், தண்ணி பம்பு எல்லாம் அதுலதான் ஓடும். நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது செகண்டுக்கு 9. நீங்க "அய்யோ"ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒம்போது சுத்து துணி சுத்திரும். நான் சின்னப் பையனா இருந்தப்ப களத்துமேட்டுல வேலை பாத்த ஒருத்தரோட தோள் துண்டு அதுல மாட்டுச்சு. உசுரு பொழைச்சாரு, கை பழையபடி வரல. அன்னிலேர்ந்து பெரியப்பா துண்டைக் கழட்டி கொடியில போட்டுட்டுதான் வண்டிய எடுப்பாரு. ஊர்ல பல பேரு இத ஏதோ சாங்கியம்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

குஞ்சமெல்லாம் முன்னாடி கிரில்லுக்கு மேல, ஃபேனுக்கு எட்டாத தூரத்துல, இறுக்கிக் கட்டினோம். வாழைக்கன்னு பின் லைட்டை மறைக்காம டிரெய்லரோட முன்பக்கத்துக்குப் போயிருச்சு. மட்கார்டுல குழந்தைகளை உக்கார வைக்கிற வழக்கத்துக்கும் அன்னிக்குத் தடை. பொடிசுக எல்லாம் மேளத்துக்கு முன்னாடி ஆடிக்கிட்டே நடந்து வந்துச்சுக.

சீர் போச்சு. அக்கா வாசல்ல நின்னு தாம்பாளத்தைப் பாக்கல, கிடாயப் பாக்கல. வண்டியத்தான் பாத்துச்சு. "அப்பா, நம்ம வண்டியாப்பா இது?"ன்னு பானெட்டைத் தடவிக் குடுத்துச்சு. பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பி, இருக்கற நட்டை எல்லாம் சரிபாக்குற மாதிரி ரொம்ப நேரம் குனிஞ்சே நின்னாரு.

அதுக்கப்புறம் ரெண்டு போகம் உழுதாச்சு. இடது பக்கம் ஒரே ஒரு ரிவிட்டு மாத்தினதோட சரி, பட்டை அப்படியே இருக்கு. உங்க ஊர்ப் பக்கம் வண்டிக்கு என்ன அலங்காரம் செய்யறாங்க, எப்படி நிக்க வைக்கிறாங்கன்னு சொல்லிட்டுப் போங்க. அப்படியே உங்க வீட்டுல யாராவது துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு மிஷின் பக்கம் போனா, வாங்கி கொடியில போடுங்க.