கொண்டிக்குப் பின்னால் இருக்கும் மரம்

மடக்கு டிரெய்லரின் கூரையைத் தூக்கி நிறுத்தினால் அது நாலு பேர் படுத்துறங்கும் வீடு. இறக்கிவிட்டால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகிற, ஆள் உயரம்கூட இல்லாத பெட்டி. அமெரிக்காவில் கோடை விடுமுறைக்கு ஏரிக்கரைக்கும் காட்டுப் பூங்காவுக்கும் போகிற குடும்பங்கள் பல இப்படியொரு வண்டியை வாங்கிப் பத்திருபது வருஷம் வைத்துக்கொள்கின்றன. போய்ச்சேர்ந்த இடத்தில் கைப்பிடியைச் சுற்றினால் கம்பிவடம் இழுபட்டுக் கூரை எழும்பும், இரண்டு முனையிலும் கட்டில்கள் வெளியே நீளும், துணிச்சுவர் விரியும். கிளம்பும்போது எல்லாவற்றையும் உள்ளே தள்ளிக் கூரையை இறக்கி, நான்கு மூலையிலும் கொண்டியை மாட்டுவார்கள். நெடுஞ்சாலையில் கூரையைக் காற்றுக்குக் கொடுக்காமல் காப்பது உள்ளங்கையில் அடங்கும் அந்த நான்கு கொண்டிகள்தான்.

அவற்றைச் சரிசெய்கிறவர்களைப் பார்க்க இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் பகுதிக்குப் போயிருந்தேன். சிகாகோவிலிருந்து கிழக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். வட அமெரிக்காவில் ஓடும் பயண வீட்டு வண்டிகளில் பெரும்பங்கு இந்த ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆலைகளில் செய்யப்படுபவை. இந்த வண்டிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. எல்லாரும் போவது அங்கேதான். நான் தேடிப்போன பட்டறை ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவில், பழைய களஞ்சியம் ஒன்றில் நடக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது.

பட்டறை நடத்தும் பெரியவர் முன்பு ஒரு டிரெய்லர் ஆலையில் வேலை பார்த்தவர். விடியற்காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடிந்துவிடும் வேலை. கூலி பீஸ் ரேட், அதாவது எத்தனை வண்டி வெளியே போகிறதோ அத்தனை பணம். இவர் பங்கு, வரிசையில் நகர்ந்து வரும் வண்டியின் மூலைகளில் கொண்டிகளைப் பொருத்துவது. ஒரு மூலைக்குச் சில விநாடி. திருகாணி மரத்தில் நன்றாகப் பிடித்ததா என்று பார்க்க நேரம் கிடையாது. பிறகு 2008 வந்தது. கடன் கிடைக்காமல் மக்கள் வண்டி வாங்குவதை நிறுத்த, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. 2009 தொடக்கத்தில் எல்கார்ட்டில் வேலையின்மை 20 சதவிகிதத்தை நெருங்கியது. அந்தப் பிப்ரவரியில் அதிபர் ஒபாமாவே இந்த ஊருக்கு வந்து பேசினார். வேலை போன பெரியவர் அண்டை வீட்டாரின் பழைய டிரெய்லரைக் களஞ்சியத்துக்குள் இழுத்துவந்து பழுதுபார்க்க ஆரம்பித்தார்.

"இப்போது நான் கழற்றுகிற திருகாணிகளில் சிலவற்றை அன்று நானே முடுக்கியிருப்பேன்" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அன்று முழுதும் அவர் வேலை செய்வதைப் பார்த்தபோது, அந்த விநாடிக் கணக்கைத்தான் அவர் மணிக்கணக்கில் திருப்பிக் கட்டுகிறார் என்று பட்டது.

உதவிக்கு இருபது வயதுக்கும் குறைவான, ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞர். வைக்கோல் தொப்பியோடு சைக்கிளில் வருகிறார். அவர்கள் சமூகத்தில் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் இந்த வட்டாரத்து டிரெய்லர் ஆலைகள் ஓடுவதில் ஆமிஷ் தொழிலாளிகளின் பங்கு மிகப் பெரியது. தான் ஒருநாளும் ஓட்டப்போகாத வண்டியில் எந்த மூலையில் இழுவை விழும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. படம் எடுப்பதை அவர்கள் விரும்புவதில்லை என்பதால் கேமராவை நான் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை.

அன்று வந்திருந்தது மிச்சிகனைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியின் வண்டி. இடப்பக்கப் பின்மூலைக் கொண்டி வழியில் தானாகத் திறந்துகொள்கிறது என்பது குறை. கூரையைச் சுற்றிப் பட்டை கட்டித்தான் வந்து சேர்ந்திருந்தார்கள்.

இந்தக் கொண்டி எப்படிப் பிடிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பழைய டிரங்குப் பெட்டியின் முன்பக்கக் கிளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நெம்புகோலில் கோத்த ஒரு வளையம் மேலே கூரையில் இருக்கும் நாதாங்கியில் மாட்டுகிறது. நெம்புகோலைக் கீழே அழுத்தும்போது, ஒரு கட்டத்தில் இழுவையின் கோடு அச்சாணியைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். 'டக்' என்று கையில் தெரிவது அதுதான். அதற்குப் பிறகு கூரை மேலே இழுக்க இழுக்க நெம்புகோல் சுவரோடு இன்னும் ஒட்டுமே தவிரத் திறக்காது. ஆனால் அப்படித் தாண்டி நிற்கும் தூரம் சில மில்லிமீட்டர்தான். வருஷக்கணக்கான அதிர்வில் அச்சாணித் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால் அந்தத் தூரம் கரைந்துபோகும். பிறகு ஒரு பள்ளம் போதும்.

காற்றோ சும்மா இருப்பதில்லை. மணிக்கு 65 மைல் வேகத்தில், அதாவது 105 கிலோமீட்டரில், எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 50 கிலோ. அத்தனையும் கூரையைத் தூக்குவதில்லை. ஒரு பங்கு தூக்கினாலும் அகலமான கூரைக்கு அது பெரிய இழுப்பு. வேகம் இரண்டு மடங்கானால் இந்த அழுத்தம் நான்கு மடங்காகும்.

பெரியவர் கொண்டியை முதலில் பார்க்கவே இல்லை. திருப்புளியின் கைப்பிடியால் அதைச் சுற்றிலும் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் ஓசை மந்தமானது. இளைஞர் திருகாணியில் திருப்புளியை வைத்ததும் அது எதிர்ப்பே இல்லாமல் சுழன்றது. கடைசியில் விரலாலேயே உருவி எடுத்தார். மரைகளுக்கிடையே ஈரக் காப்பித்தூள் நிறத்தில் மக்கிய மரம். துளைக்குள் குத்தூசியை நுழைத்தபோது ஓர் அங்குலம் வரை தடையில்லாமல் இறங்கியது.

"கொண்டி தேய்ந்திருக்கிறது, உண்மை. ஆனால் அது பிடித்துக்கொள்ள இங்கே எதுவும் இல்லையே" என்றார்.

மெல்லிய அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் மரச்சட்டம் என்பதே இந்த வண்டிகள் பலவற்றின் சுவர். ஒவ்வொரு திருகாணித் துளையும் தண்ணீருக்கு ஒரு வாசல். அதை அடைக்கும் பூச்சு காய்ந்து வெடித்ததும் மழை உள்ளே போகும். குளிர்காலத்தில் அது உறைந்து பருத்துத் துளையை அகட்டும். பனிக்காலச் சாலையில் தூவும் உப்பு இரும்புத் திருகாணிக்கும் அலுமினியத் தகட்டுக்கும் நடுவே புகுந்துவிட்டால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். இதற்குப் பலர் செய்கிற வைத்தியம், அதே துளையில் இன்னும் தடிமனான திருகாணியை இறக்குவது. மக்கிய மரத்தில் எந்தத் திருகாணியும் நிற்காது. அடுத்த கோடையில் அதுவும் கையோடு வரும், இந்தத் தடவை இன்னும் பெரிய துளையோடு.

அதனால் சுரண்டும் வேலை தொடங்கியது. நல்ல மரம் தட்டுப்படும்வரை மக்கியதை உளியால் எடுத்தார்கள். பிறகு வெப்ப விளக்கை வைத்துக் காயவிட்டார்கள். ஈரம் இருக்கிற மரத்தில் எபாக்ஸிப் பிசினை ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதுபோல் ஆகிவிடும் என்பதால் இந்தக் கட்டத்தில் மட்டும் பெரியவர் யாருக்காகவும் அவசரப்படுவதில்லை. தம்பதி அன்றிரவு ஊரிலேயே தங்கினார்கள். நானும் தங்கினேன்.

மறுநாள், முதலில் நீர்போன்ற எபாக்ஸியை மரத்துக்குள் ஊறவிட்டு, அதன்மேல் கெட்டியாகக் குழைத்ததைக் கொண்டு குழியை நிரப்பினார்கள். அது இறுகும்வரை கொண்டியைக் கையில் எடுத்துக்கொண்டார் பெரியவர். நெம்புகோல் எஃகு என்பதால் காப்பாற்றலாம். துத்தநாக வார்ப்பாக இருந்து விரிசலும் கண்டிருந்தால் தூக்கிப்போட்டிருப்பார். அதில் வெல்டிங் பிடிக்காது. முட்டை வடிவத் துளையை டிரில்லால் வட்டமாகப் பெரிதாக்கி, ஒரு வெண்கலப் புஷ்ஷை உள்ளே அழுத்திப் பொருத்தினார். விளிம்பில் துருத்திய பிசிறை அரத்தால் ராவினார். புதிய அச்சாணியைப் போட்டு, நெம்புகோலைக் காதருகே பிடித்து ஆட்டினார். சத்தம் இல்லை. கிரீஸ் தடவவில்லை. மண்சாலைத் தூசி கிரீஸோடு சேர்ந்தால் தேய்ப்பான் மாதிரி வேலை செய்யும். உலர் மசகுதான் இதற்கு.

பொருத்தும்போது திருகாணிக்கு இடமே இல்லை. சுவரின் உட்புறத்தில், கொண்டியைவிட அகலமான கால் சாண் அலுமினியத் தகடு ஒன்று. வெளியிலிருந்து போல்ட்டுகள் சுவரைத் துளைத்து அந்தத் தகட்டின் வழியாக வந்து, நைலான் வளையம் வைத்த நட்டுகளில் முடிந்தன. முன்பு நாலு திருகாணி நுனிகள் சுமந்த இழுவையை இப்போது ஒரு முழுத் தகட்டின் பரப்பு பகிர்ந்துகொள்கிறது. தண்ணீர் புகாமலிருக்கக் கொண்டிக்கு அடியில் பியூட்டைல் நாடா. சிலிக்கோன் பூச்சைப் பெரியவர் பட்டறைக்குள்ளேயே விடுவதில்லை. அது ஒருமுறை பட்ட இடத்தில் பின்னால் வேறெந்தப் பூச்சும் ஒட்டாது.

கடைசிச் சோதனை ஒரு காகிதத் துண்டால். கூரைக்கும் ரப்பர் விளிம்புக்கும் நடுவே அதை வைத்துக் கொண்டியை மாட்டி இழுத்துப் பார்க்கிறார்கள். எளிதாக வந்தால் தளர்வு. கிழிந்தால் இறுக்கம் அதிகம். ரப்பரும் நசுங்கும், அச்சாணியும் சீக்கிரம் தேயும். கொஞ்சம் முரண்டுபிடித்து வர வேண்டும். நாதாங்கியை இரண்டு தடவை நகர்த்திய பிறகு இளைஞர் தலையாட்டினார்.

மெத்தை, போர்வை எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டு, புடைத்து நிற்கும் கூரையைக் கொண்டியால் இழுத்து அமுக்காதீர்கள் என்று அந்த அம்மாவிடம் பெரியவர் கேட்டுக்கொண்டார். கூரை தன் எடையில் தானாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததைப் பிடித்துவைப்பது மட்டும்தான் கொண்டியின் வேலை.

மற்ற மூன்று மூலைகளையும் இதேபோல் செய்துவிடலாமா என்று கணவர் கேட்டார். பணம் பற்றிக் கவலையில்லை என்றும் சொன்னார். பெரியவர் மூன்றையும் தட்டிப் பார்த்தார், குத்தூசியால் குத்தியும் பார்த்தார். "மரம் கல்லாட்டம் இருக்கிறது. நல்ல மரத்தில் நான் எதற்குத் துளை போட வேண்டும்?" என்று, பழைய பூச்சைச் சுரண்டிப் புதிது தடவியதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு 7/16 அங்குல ஸ்பேனர் ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பியூட்டைல் அழுந்தி அமர ஒரு வாரம் ஆகும், அதற்குள் நட்டுகள் கொஞ்சம் தளரும், அடுத்த வாரம் உள்ளே குனிந்து ஒவ்வொன்றையும் முடுக்கிவிடுங்கள், கால் சுற்று போதும், அதற்குமேல் வேண்டாம் என்றார்.