நாற்பத்தெட்டும் ஐம்பதும்

1993ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். திருப்பூரில் தமிழ்வழியில் மேல்நிலை இரண்டாமாண்டு பயின்ற நாங்கள் மூவரும் இயற்பியல் செய்முறைத் தேர்விற்குப் பிற்பகல் பிரிவில் சென்றிருந்தோம். மூவரும் ஒரே பங்கினர். பீடச் சிறுவராய் ஒன்றாக வளர்ந்தவர்கள். மூவர் வீட்டிலும் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. பத்தாம் வகுப்போடு தோழர் பலர் கைமடிக்கப் போய்விட, எங்களை மேலே படிக்க விட்டதே பெற்றோர் செய்த பெருந்தியாகம். ஆகவே மதிப்பெண் என்பது எங்களுக்கு வெறும் எண்ணாக இருக்கவில்லை.

அன்று எங்களுக்கு வாய்த்தது சுரமானி. மரப்பெட்டியின்மேல் இழுத்துக் கட்டிய கம்பியில் 6 வோல்ட் மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி, அருகே காந்தத்தை வைத்து, கம்பியைத் தாங்கும் இரு கட்டைகளை மெல்ல நகர்த்த வேண்டும். கம்பியின் இயல்பான அதிர்வும் மின்னோட்டத்தின் அதிர்வும் ஒன்றுபடும் இடத்தில், கம்பியின்மேல் கூரைபோல் மடித்து வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தை அளந்து, தொங்கவிட்ட எடையையும் கம்பியின் ஓரலகு நீளத்தின் நிறையையும் கொண்டு கணக்கிட்டால் மின்சாரத்தின் அதிர்வெண் கிடைக்கும்.

இந்த 'ஓரலகு நீளத்தின் நிறை' எங்கள் தலையில் ஏறாமல் நெடுநாள் தொல்லை தந்தது. மூன்றாமவன்தான் அதை ஒரே சொல்லில் விளக்கினான்: "இது நம்ம நூல் கவுண்ட்டுதான்டா, தலைகீழா நிக்குது." 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு பவுண்டு எடையில் எத்தனை அடங்கும் என்பதே கவுண்ட். முப்பதாம் கவுண்ட் எனில் ஒரு பவுண்டில் 25,200 கெஜம். ஒரு மீட்டர் நூலின் எடை ஏறத்தாழ 0.02 கிராம். பாடநூல் பல பக்கங்களில் சொல்லியும் விளங்காதது, நிட்டிங் ஷெட்டில் வேலை செய்தவரின் மகனுக்குக் கோனைக் கண்ட கண்ணாலேயே விளங்கிற்று.

மாலை ஐந்து மணியளவில் எங்கள் கணக்குகள் முடிந்தன. மூவருக்கும் 48ஐ ஒட்டியே விடை வந்தது. வீட்டிற்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை அறியாத மாணவர் யார்? நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டரைக் குறைத்தெழுதினால் 48 ஐம்பதாகிவிடும். மற்ற இருவராகிய நாங்கள் அதைத்தான் செய்தோம். விடையை முதலில் எழுதி, அளவுகளை அதன் பின்னால் நடத்திச் சென்றோம். ஆய்வகந்தோறும் அந்நாளில் நடந்ததுதான். அதற்குப் பொய் என்ற பெயரை யாரும் இட்டதில்லை.

அவன் 48.3 என்று எழுதினான்.

தேர்வாளர் சினக்கவில்லை; இரக்கத்தோடுதான் கேட்டார். "ஏப்பா, கரண்டு 50ன்னு ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் ஏன் 48 வருது?"

"மூணு தடவ பாத்தேனுங்க சார், அதேதான் வருதுங்க. எங்கப்பாகூடச் சொல்லுவாருங்க, சாயங்காலம் ஆனா மெசின் சுத்து கொறையுதுன்னு."

அறையில் இருந்தவர் அனைவரும் சிரித்தனர். நாங்களும் சிரித்தோம். மதிப்பெண் குறைந்தது. அவனுடைய மொத்த மதிப்பெண் பொறியியலுக்கு எட்டாமற்போனதற்கு இந்த ஒன்றே காரணம் என்று கூற இயலாது. வேறு தாள்களும் இருந்தன. ஆனால் ஜூன் மாதத்தில் அவன் கம்பெனிக்குச் சென்றான். நாங்கள் கல்லூரிக்குச் சென்றோம்.

பாடத்திலிருந்த மில்லிகனின் எண்ணெய்த்துளி ஆய்வைக் கல்லூரியில் மீண்டும் படித்தோம். 1913இல் வெளியிட்ட கட்டுரையில், தொடர்ந்து 60 நாள்கள் தாம் கண்ட துளிகள் அனைத்தையும் தந்திருப்பதாக அவர் எழுதினார்; அவர் குறிப்பேடுகளிலோ விடப்பட்ட துளிகள் பல இருந்தன. காற்றின் பாகுநிலைக்கு அவர் கொண்ட மதிப்பு பிழையானதால், எலக்ட்ரானின் மின்னூட்டமும் அவருக்குச் சற்றே குறைவாகக் கிடைத்தது. பின்வந்தோர் அதைவிட மிகுந்த மதிப்பைக் கண்டபோது தம்மையே ஐயுற்று, அவரை ஒட்டிய எண்களையே நம்பினர். சரியான மதிப்பு சிறிது சிறிதாகத்தான் மேலேறி வந்தது. நோபல் பரிசு பெற்றவரின் எண்ணுக்கே உலகம் இப்படித் தலைவணங்கியது என்றால் எங்கள் குற்றம் சிறியதே என ஆறுதல் கொண்டோம். உண்மையில் அது ஆறுதலாக இருக்கவில்லை.

பல ஆண்டுகள் சென்றபின்னரே மற்றொன்றை அறிந்தோம். 1990களில் தென்மாநில மின்தொகுப்பில் தேவைக்கேற்ற உற்பத்தி இல்லை. மாலையில் சுமை ஏற ஏற அதிர்வெண் 50இலிருந்து சரிந்து 48 அளவிற்கு இறங்குவது அக்காலத்தில் வழக்கமாய் இருந்தது. 2003 சனவரியில் மின்கட்டணத்தை அதிர்வெண்ணோடு பிணைத்த பின்னரே அது பெரிதும் சீர்பட்டது. தூண்டு மோட்டாரின் வேகம் அதிர்வெண்ணைப் பின்பற்றுவது. 50இல் நிமிடத்திற்கு 1500 சுற்றாக இருக்கும் ஒத்தியங்கு வேகம் 48இல் 1440 ஆகிவிடும். அவன் தந்தை கண்டதும் அதுவே. சுரமானியின் பிழையும் அந்த அளவிற்கு இருக்கக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் அம்மாலைப்பொழுதில் கம்பி சொன்னதைக் கேட்டவன் ஒருவனே.

அவ்வாண்டுப் பாஸ்காவிற்கு முன் நாங்கள் மூவரும் வழக்கம்போல் பாவசங்கீர்த்தனத்திற்கு வரிசையில் நின்றோம். எட்டாம் கட்டளைக்கு எதிராக எதையெதையோ நினைவுகூர்ந்து சொன்னோம். அந்த ஒன்றரை சென்டிமீட்டர் எங்கள் நினைவிற்கே வரவில்லை.

சென்ற ஆண்டு அவன் பணிபுரியும் கம்பெனிக்குச் சென்றிருந்தோம். துணியின் தரம் பார்க்கும் பொறுப்பு அவனுடையது. எங்களை அமரச் சொல்லிவிட்டு, வட்டவெட்டியைத் துணியில் அழுத்திச் சுழற்றி, 100 சதுர சென்டிமீட்டர் துண்டொன்றை எடுத்துத் தராசில் வைத்தான். கேட்கப்பட்டது 150 ஜி.எஸ்.எம். துணி. தராசு 1.47 கிராம் காட்டியது. துண்டைத் திருப்பி வைத்தான்; அதே எண். மற்றோரிடத்தில் வெட்டிய துண்டும் அதையே காட்டியது.

அதிர்வெண்ணைப் பற்றி அறிந்ததை அவனிடம் கூறத்தான் வந்திருந்தோம். பேச்சு எழவில்லை. அவன் பதிவேட்டில் 147 என்று எழுதிக்கொண்டிருந்தான்.