வேடம் பூண்ட யெண்டில்
(பத்தாம் வகுப்பு மாணவி)

கல்வி கற்க வேண்டும் என்பதற்காக ஒரு பெண் தன் கூந்தலையே வெட்டி எறிந்தாள் என்றால் நம்புவீர்களா, தோழியரே? கதையில்தான்! ஆனால் அதைப் படித்த நாள் முதல் அவள் என் நினைவை விட்டு அகலவேயில்லை.

அவள் பெயர் யெண்டில். அவளைப் படைத்தவர் போலந்து நாட்டில் பிறந்து, 1978ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஐசக் பாஷவிஸ் சிங்கர். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியிலே எழுதியவர். யூதக் கிராமங்களில் வழிவழியாகச் சொல்லப்பட்ட பேய்களும் அலையும் ஆவிகளும் அவர் கதைகளில் சர்வ சாதாரணமாக நடமாடும். யெண்டிலின் கதையிலும், பெண் உடலில் ஆணின் ஆன்மா குடிபுகுந்துவிட்டதோ என்று அவள் தந்தையே வியக்கிறார்.

அக்காலத்தில் மறைநூற் கல்வி யூத ஆண்பிள்ளைகளுக்கே உரியதாயிருந்தது. யெண்டிலின் தந்தையோ கதவைத் தாழிட்டு, சன்னல்களுக்குத் திரையிட்டு, மகளுக்குக் கற்பித்தார். அவர் இறந்தபின் அவள் வீட்டை விற்று, தந்தையின் உடையை அணிந்து, அன்ஷெல் என்ற பெயரில் யெஷிவா எனப்படும் மறைக்கல்லூரியில் சேர்ந்தாள். பெண் ஆணின் உடையை அணியலாகாது என்னும் கட்டளையை இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தில் நாமும் வாசிக்கிறோம். அதை அறிந்தே அவள் மீறினாள். ஆனால் ஒரு பொய்யை மறைக்க மற்றொரு பொய் தேவைப்பட்டது. இறுதியில் ஹதாஸ் என்னும் கள்ளமற்ற பெண்ணையே அவள் மணந்துகொள்ளும்படி ஆயிற்று! பின்னர், உடன் பயின்ற அவிக்தோரிடம் மட்டும் உண்மையைச் சொல்லி, ஹதாஸுக்கு மணமுறிவுச் சீட்டு அனுப்பிவிட்டு, எங்கோ மறைந்துவிட்டாள்.

இக்கதையை என் பாட்டியிடம் சொன்னேன். "பெண்ணுக்கு இது போதும்" என்று ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அவர். யெண்டிலைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "பாவம், அந்த ஹதாஸ் புள்ள என்ன தப்பு செஞ்சுது?" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "கதவைத் தொறந்து வச்சிருந்தா, அவ ஏன் வேஷம் கட்டப் போறா?" என்றார். எனக்கு மறுமொழி சொல்லத் தோன்றவில்லை.

சிங்கருக்கும் ஓர் அக்காள் இருந்தார். 1891இல் பிறந்த அவர் பெயர் எஸ்தர் க்ரைட்மன். தம்பியருக்குக் கிடைத்த கல்வி அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் வேடம் எதுவும் பூணாமல், 1936இல் தம் பெயரிலேயே ஒரு நாவலை வெளியிட்டார். படிப்புக்கு ஏங்கும் ஒரு ரபியின் மகளே அதன் நாயகி. இன்று போலந்திலுள்ள கிராக்கோ நகரில் சாரா ஷெனிரர் என்ற பெண்மணி இருந்தார். தையல் வேலை செய்து பிழைத்த அவர், 1917இல் யூதச் சிறுமியருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதைப் பின்பற்றிப் பிற்காலத்தில் எத்தனையோ பள்ளிகள் எழுந்தன. பாட்டி சொன்ன கதவைத் திறந்தவர் அவரே எனலாம்.

தோழியரே! தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் நம் பெயரைப் படிக்கும்போது "உள்ளேன், சிஸ்டர்" என்கிறோம். தன் சொந்தப் பெயரில் அப்படி ஒரு சொல் சொல்ல யெண்டிலுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இவ்வாண்டோடு படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சும் தோழி நம்மிடையேயும் இருக்கக்கூடும். அவளுக்காக அவள் வீட்டாரிடமும் நம் ஆசிரியைகளிடமும் பேசுவோம். அவள் பெயர் அடுத்த ஆண்டுப் பதிவேட்டிலும் இருக்கட்டும்.