அடுக்களை மேடைக்கு ஓடு பொருந்துமா?

புதுவீடு கட்டுவோர் விறாந்தைக்கும் வரவேற்பறைக்கும் செலவிடும் சிந்தனையிற் காற்பங்கையேனும் அடுக்களைக்குச் செலவிடுவதில்லை. விருந்தினர் கண்ணிற் படாத இடமென்பது காரணமாகலாம். ஆயினும் குடும்பத்துப் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரம் நின்று உழைக்கும் இடம் அதுவே. எமது அடுக்களையைத் திருத்த எண்ணியபோது, சமையல் மேடைக்குப் பீங்கான் ஓடு பதிப்பதா, கருங்கற் பலகை இடுவதா என்னும் வினா வீட்டையே இரு கட்சியாக்கிவிட்டது.

ஓட்டின் சார்பிற் சொல்லத்தக்கவை பல. விலை பெரும்பாலும் குறைவு. சூளையில் 1000 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்த பொருளாதலின், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தாங்கும். அதன் மேற்பூச்சு கண்ணாடியினத்தது. தேசிக்காய்ச் சாறும் பழப்புளியும் அதனை எளிதிற் கெடுக்கமாட்டா. சலவைக்கல்லில் அதே புளி சிந்தினால் மெருகு போய் வடு நிற்கும்.

குறை பெரிதும் ஓடுகளுக்கிடையே நிரப்பும் சீமெந்துக் கோட்டிலேயே உள்ளது. நுண்டுளைகள் நிறைந்த அக்கோடு எண்ணெயையும், மீன் கழுவிய நீரையும், எல்லாவற்றுக்கும் மேலாக மஞ்சளையும் குடித்துவிடும். மஞ்சளுடன் சுண்ணாம்பு சேரச் சிவக்குமென்பதை எம் பாட்டிமார் நன்கறிவர். சீமெந்துக்கும் சுண்ணாம்பின் குணமுண்டு. புதிய கோட்டிற் சிந்திய மஞ்சள் செந்நிறங் கொள்வது அதனாலேயே. துணியிற் பட்ட மஞ்சட்கறை வெயிலில் உலர்த்த மங்கும். மேடையை முற்றத்துக்குத் தூக்கிச் செல்ல இயலுமோ?

எம் தங்கை விரும்பியவை நாலங்குலச் சிற்றோடுகள். கண்ணுக்கு அழகியவைதாம். ஒருநாள் மாலை கடதாசியும் பென்சிலுமாக அமர்ந்து கணக்கிட்டோம். ஆறடி நீளமும் இரண்டடி அகலமுமுள்ள மேடைக்கு அவை 108 வேண்டும். இடையே ஓடும் கோடுகளின் மொத்த நீளம் 64 அடி. ஓரடி ஓடாயின் 12 ஓடுகள், 16 அடிக் கோடு. இரண்டடி ஓடாயின் மூன்றே ஓடுகள், நாலடிக் கோடு.

“அறுபத்து நாலு அடியையும் ஆர் தேய்க்கிறது?” என்றார் அம்மா. மணிக்கட்டு நோவுள்ளவர் அவர். எவரும் வாய்திறக்கவில்லை. அழகைத் தெரிந்தெடுப்பவர் ஒருவர், அதனைத் துலக்குபவர் இன்னொருவர் என்பது எமது வீடுகளுக்குப் புதிதன்று.

கருங்கல்லில் இத்தொல்லை குறைவு. வெப்பத்தையும் புளியையும் அது தாங்கும். பூச்சிடாவிடின் எண்ணெயை மாத்திரம் சிறிது உறிஞ்சும். எனினும் விலையைக் கேட்டதும் அக்கட்சியினர் தாமாகவே அடங்கினர்.

ஈற்றிற் கொங்கிறீற்றுத் தட்டின்மேல் இரண்டடி ஓடுகளே பதிக்கப்பட்டன. கோடுகளைச் சீமெந்தால் நிரப்பாது, நீரும் கறையும் ஊறாத எப்பொக்சிச் சாந்தால் நிரப்புவித்தோம். செலவு கூடினும் நாலடிக்கு அது பெரிதன்று. தங்கையின் சிற்றோடுகள், அடுப்புக்கு எட்டத்தில், சாளரத்தின் கீழ்ச்சுவரில் இடம்பெற்றன. இஞ்சி, உள்ளி இடிக்கும் உரல் மேடையில் ஏறலாகாதென விதித்துள்ளோம். ஓங்கிய இடியை ஓடு பொறாது. வெடித்த ஓட்டை மாத்திரம் பெயர்த்து வேறொன்று பதிக்கலாமெனினும், அதே நிறம் பின்னர் கடையிற் கிடைப்பது அரிது. மேலதிகமாக வாங்கிய இரண்டு ஓடுகள் அம்மாவின் கட்டிலின்கீழ், சாக்கிற் சுற்றப்பட்டுக் கிடக்கின்றன.