திருப்பிக் காட்டாத புடவை

காஞ்சிபுரத்துக்குப் புடவை எடுக்க வருகிறவர்கள் முந்தியைத்தான் முதலில் விரிக்கச் சொல்வார்கள். கூட ஒரு நெசவாளி வந்திருந்தால் அவர் புடவையைத் திருப்பிப் போடுவார். கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டுவார். அசல் கோர்வை என்றால், கரையின் ஊடையும் உடலின் ஊடையும் ஒன்றையொன்று பிடித்துத் திரும்பிய தடம் பின்பக்கத்தில் விரலுக்குத் தட்டும். முன்பக்கம் எல்லாப் புடவையும் அழகுதான். “பின்னாடி என்னண்ணே பார்க்கறீங்க, முந்தியைப் பாருங்க” என்று கடைக்காரர் சொன்னால் அவர் பாயைவிட்டு எழுந்துவிடுவார்.

மென்பொருள், பாதுகாப்பு, தனியுரிமை என்று பேப்பரில் வருகிற செய்திகளை நானும் இப்படித்தான் படிக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் டிசைன் போடுவது என் பிழைப்பு. கிராப் தாளும் பென்சிலுமாகத் தொடங்கி, கம்ப்யூட்டருக்கு மாறினவன். இதைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ஐ ஒட்டி ஓட்டை போட்ட அட்டைகளால் தறியை நடத்திக் காட்டினார். அந்த அட்டையைத்தான் பிறகு இங்கிலாந்தின் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். ஆகவே கம்ப்யூட்டர் சமாசாரம் எனக்குப் பங்காளி வீட்டு சமாசாரம் மாதிரி. சொத்தில் பங்கு வராது, வம்பு மட்டும் வந்து சேரும்.

எங்கள் வேலையில் ஒரு அட்டை என்பது ஒரு ஊடைக்கு உண்டான உத்தரவு. ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி மேலே போகும், பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லையென்றால் நூல் கிடந்த இடத்தில் கிடக்கும். ஒரு சின்ன மாங்காய் புட்டாவுக்கே நூற்றுக்கும் மேல் அட்டை வேண்டும். அதில் ஒரே ஒரு ஓட்டை தப்பாக விழுந்தால், புடவையில் எத்தனை மாங்காய் உண்டோ அத்தனையிலும் அதே இடத்தில் அதே சொத்தை. அட்டையில் துண்டுக் காகிதத்தை ஒட்டி அந்த ஓட்டையை அடைத்துவிடலாம். ஆனால் நெய்தது நெய்ததுதான். மென்பொருள் நிறுவனங்கள் மாதாமாதம் ‘பாதுகாப்பு அப்டேட்’ என்று அனுப்புவது இந்தத் துண்டுக் காகிதத்தைத்தான். அதுவரைக்கும் நெய்த புடவையை யார் கட்டிக்கொண்டு போனார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை.

அட்டையில் ஒரு சௌகரியம் உண்டு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என்ன எழுதியிருக்கிறது என்று எவனும் படித்துவிடலாம். எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் ஒருவர் அட்டைக் கட்டைப் புரட்டிப் பார்த்தே “இது யானை வரிசை, தும்பிக்கை கிட்டே ஒண்ணு விட்டுப்போச்சு” என்பார். இப்போது எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. அட்டை போய் பென் டிரைவ் வந்தது. எடை குறைந்தது, எலி கடிக்கிற பயம் போனது, நல்லதுதான். ஆனால் ஃபைலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. அதைத் திறக்க அந்த மென்பொருள் வேண்டும். மென்பொருளைத் திறக்க, யுஎஸ்பியில் சொருகுகிற கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்று வேண்டும்.

பல ஆண்டு டிசைன்களை நான் அப்படி ஒரு மென்பொருளில்தான் வைத்திருந்தேன். விண்டோஸ் மாறியபோது பழைய பதிப்பு ஓடவில்லை. புதியது வருடச் சந்தாவில்தான் கிடைக்கும் என்றார்கள். நான் வரைந்த அன்னப்பட்சியை நானே பார்க்க நான் வாடகை கட்ட வேண்டும். இதில் பெரிய வேடிக்கை, அதே மென்பொருளின் திருட்டுப் பிரதியை வைத்திருந்தவர்களுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. டாங்கிள் தொலைகிற கவலையில்லை, சந்தா இல்லை. கூடவே வைரஸ் வந்திருக்கும், அது வேறு கதை. காசு கொடுத்தவனை மட்டுமே தடுக்கிற பூட்டு அது.

இது காஞ்சிபுரத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009 ஜூலையில் அமேசான், தன்னிடம் கிண்டில் புத்தகமாக வாங்கியவர்களின் கருவிகளிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’-ஐ அவர்களைக் கேட்காமலே அழித்தது. உரிமை இல்லாதவர் விற்ற பிரதி என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும், எல்லோரையும் கண்காணிக்கிற அரசைப் பற்றிய அந்த நாவல்தானா அகப்பட்டது! ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தும்போது நமக்குக் கிடைப்பது பொருள் அல்ல, அனுமதி. அந்தப் பட்டனுக்கு ‘கொஞ்ச நாள் வைத்துக்கொள்’ என்று பெயர் வைத்திருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

அரசாங்கத்தின் கதைக்கு வருவோம். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் வழக்கு நடந்தபோது, அன்றைய அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால், மக்களின் விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். கோயில் ஊர்க்காரனிடம் மதில் சுவரைப் பற்றிச் சொன்னால் அவன் சிரிக்கத்தான் செய்வான். கோயிலில் களவு போகிறதென்றால் சுவர் ஏறிப் போவது அபூர்வம். சாவிக்கொத்து யார் இடுப்பில் இருந்தது என்றுதான் ஊர் கேட்கும். அந்த வருடம் ஜனவரியிலேயே ‘தி ட்ரிப்யூன்’ பத்திரிகையின் நிருபர், வாட்ஸ்அப்பில் கிடைத்த ஒரு ஏஜெண்டுக்கு 500 ரூபாய் அனுப்பி, எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயரும் விலாசமும் காட்டுகிற வாசலுக்குள் நுழைந்து காட்டியிருந்தார். சுவர் அப்படியே நின்றது. வாசல்தான் 500 ரூபாய். ஆதார் ஆணையம் போலீசுக்குக் கொடுத்த புகாரில் அந்த நிருபரின் பெயரும் இருந்தது. புடவையைத் திருப்பிப் பார்த்தவர் மேல் வழக்கு.

அடுத்த வருடம் நம் தமிழ்நாட்டிலேயே ஒன்று. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் தீங்குநிரல் புகுந்திருப்பதாகச் செய்தி பரவியது. 2019 அக்டோபர் 29 அன்று நிலையத்தின் தரப்பு அதை மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம், ஆமாம், நிர்வாகப் பிரிவின் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே எங்களுக்குத் தகவல் வந்தது என்று அறிக்கை விட்டது. அணு உலையை நடத்துகிற வலைப்பின்னல் வேறு, இது வேறு என்று அவர்கள் சொன்னது உண்மையாகவே இருக்கட்டும். முதல் நாள் இல்லவே இல்லை என்றவர் இரண்டாம் நாள் இருக்கிறது, ஆனால் பயமில்லை என்றால், இரண்டாவது வாக்கியத்தை எந்த நெசவாளி நம்புவான்?

இதற்கு நேர்மாறான ஒரு ஏற்பாட்டைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கிற குடவோலை முறையை விவரிக்கின்றன. இதை வைத்து உலகத்துக்கே ஜனநாயகம் நாம்தான் சொல்லிக் கொடுத்தோம் என்று மேடையில் முழங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அது பிராமணர் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம். என்னைப் போன்றவன் பெயர் ஓலையில் ஏறியிருக்காது. ஆனால் அவர்கள் ஏமாற்று வேலையைத் தடுக்க யோசித்திருக்கிற விதம் இருக்கிறதே, அதை இன்றைக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் ஒரு நாள் பஸ் ஏறி வந்து படித்துவிட்டுப் போகலாம்.

30 குடும்புகள், அதாவது வார்டுகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் போடுகிறார்கள். ஊர் முழுக்கக் கூடியிருக்கிறது. கோயிலில் பூசை செய்கிற நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுக்கிறான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குகிறார்கள். மறுபடி அந்தச் சிறுவன் ஒரு ஓலையை எடுத்து நடுநிலையாளரிடம் கொடுக்கிறான். அவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் இன்னொரு ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடக் கூடாதே. அவர் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் போட்டியிடவே முடியாது. எங்கள் நடுநிலையாளர் உத்தமர், அவரை நம்புங்கள் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அவர் உத்தமராக இல்லாவிட்டாலும் காரியம் கெடாதபடி முறையை அமைத்திருக்கிறார்கள். அந்த முறையை எல்லோரும் படிக்கிற மாதிரி சுவரில் செதுக்கியும் வைத்தார்கள்.

மென்பொருளின் நிரலை எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒரு குட்டு உண்டு. 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வருக்குள் நுழைய அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று தோண்டிப் பார்த்தார். லினக்ஸில் எங்கும் பயன்படுகிற எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளில் ஒரு ரகசியக் கதவு இருந்தது. வைத்தவர் வெளியாள் அல்ல. இரண்டு வருடங்களுக்கு மேல் ஒழுங்காக உதவி செய்து, நல்ல பெயர் வாங்கி, பொறுப்புக்கு வந்தவர். சம்பளமில்லாமல் தனியாக அதைப் பராமரித்துக் களைத்துப்போன ஒரு மனிதரின் தோளில் கைபோட்டு உள்ளே வந்தவர். பின்பக்கம் திறந்திருந்ததால்தான் ஃப்ராய்ண்டால் பார்க்க முடிந்தது. ஆனால் திருப்பிப் பார்க்க ஒருவருக்கு நேரமும் பொறுமையும் வாய்த்தது என்பதுதான் நம் அதிர்ஷ்டம்.

ஆதாரின் கைரேகை விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. நெசவு செய்கிறவர்களின் விரல் நுனியை ரேஷன் கடை மிஷின் பல நேரம் ஏற்காது. நூலிலும் ஜரிகையிலும் தேய்ந்த விரல். துடைத்து வை, எண்ணெய் தடவி வை, வேற விரலை வை என்று நடக்கும். அசல் ஆளை மிஷின் அடையாளம் காண மாட்டேன் என்கிறது. போலி ஆளுக்கு எப்படி? 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், பத்திரப் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடந்த ஆவணங்களிலிருந்து மற்றவர்களின் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு மாதிரி செய்து, சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்து மாட்டினார். பாஸ்வேர்டு களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரல் களவு போனால் பத்துக்கு மேல் ஸ்பேர் கிடையாது. தொடுகிற தம்ளரிலெல்லாம் விட்டுவிட்டு வருகிற ஒன்றை எவன் சாவியாக வைப்பான்?

2023-ல் நம் விவரங்களைக் காக்க ஒரு சட்டம் வந்தது. அரசு தனக்கு வேண்டிய விலக்குகளை அதிலேயே எழுதி வைத்துக்கொண்டது. அதே சட்டத்தின் 44(3) பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் விவரம் என்று சொல்லி மறுக்க அதிகாரிகளுக்கு வாசலை அகலமாக்கிவிட்டது. நம் பக்கம் மூடவேண்டியது திறந்திருக்கிறது, அவர்கள் பக்கம் திறக்கவேண்டியது மூடுகிறது. 2025 கடைசியில், புதிய போன்களிலெல்லாம் அரசின் சஞ்சார் சாத்தி செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் வாபஸ் வாங்கியது. நல்ல செயலி என்றால் மக்களே ஏற்றிக்கொள்ள மாட்டார்களா?

எங்கள் தொழிலின் உரிமைச் சண்டை வேறு மாதிரி. ஒரு டிசைன் ஓடினால் அடுத்த மாதமே பக்கத்துத் தெருத் தறியில் இருக்கும். அதற்காகவே என் மயில் கொண்டையில் ஒரு கட்டம் தள்ளி வைப்பேன். காப்பியடித்தவன் அந்தத் தப்பையும் சேர்த்தே அடித்திருப்பான். 2000-ஆம் ஆண்டின் டிசைன் சட்டத்தில் பதிவு செய்தால் முதலில் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் உரிமை. பதிவு செய்யாவிட்டால், தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் போனதும் பதிப்புரிமையும் போய்விடும் என்கிறது 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. கைத்தறி அந்தத் ‘தொழில்முறை’யில் சேருமா என்று வக்கீல்கள் அடித்துக்கொள்ளட்டும். நான் பதிவு செய்ததில்லை. மயிலும் அன்னமும் யாளியும் எனக்கு யார் எழுதிக் கொடுத்த சொத்து? கோயில் தூணைப் பார்த்துத்தானே நானும் வரைந்தேன்.

அதனாலேயே ஏஐ வந்து டிசைனைத் திருடிவிடும் என்ற கூக்குரலில் நான் சேரவில்லை. ஒரு கடைக்காரர் அது வரைந்த முந்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதே மாதிரி வேணும் என்றார். படம் ஜோர். ஆனால் கட்டத்தில் இறக்கிப் பார்த்தால், ஒரு இதழில் ஜரிகை இரண்டு அங்குலத்துக்குப் பாவில் எங்குமே கட்டுப்படாமல் ஓடுகிறது. நெய்தால் முதல் நாளே மோதிரம் மாட்டி இழுத்துவிடும். இடது ஓரம் வலது ஓரத்தோடு சேரவும் இல்லை. அதைச் சரிசெய்ய, புதிதாக வரைவதைவிட அதிக நேரம் ஆயிற்று. ஏஐ போட்டதுதானே என்று கூலியைக் குறைக்கப் பார்த்தார். திருட்டு எங்கே நடக்கிறது என்று அப்போது விளங்கியது.

இப்போதெல்லாம் டிசைனைச் சாதாரண பிஎம்பி படமாகவே கொடுக்கிறேன். எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஒரு கட்டத்துக்கு ஒரு புள்ளி, யாரும் எண்ணிப் பார்க்கலாம்.

சமீபத்தில் ஒரு பையன் கடை கடையாக வந்தான். புடவைக்கு கியூஆர் கோடு, பின்னால் பிளாக்செயின், ஒருவரும் அழிக்க முடியாத வரலாறு என்றான். 2004-லிருந்து சில்க் மார்க் ஹாலோகிராம் இருக்கிறது, 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கினோம். அது பட்டுக்கு, இது ஊருக்கு. விசைத்தறிப் புடவையும் பட்டுதான், அதுவும் இதே ஊரில் தைத்த லேபிளோடு வரலாம். “தம்பி, இந்த கியூஆர் கோடைப் புடவையில தைக்கிறது யாரு?” என்று கேட்டேன். “கடைக்காரர்தாங்க சார்” என்றான். எழுதியதை யாரும் மாற்ற முடியாது என்பதற்கு அவனிடம் கணக்கு இருந்தது. எழுதினது நிஜமா என்பதற்கு, கடைக்காரரின் சத்தியம். ஆனாலும் ஒரு கடை அதை வாங்கிவிட்டது. ஸ்கேன் செய்தால் உங்கள் புடவையை நெய்த கலைஞர் என்று ஒரு வீடியோ ஓடும். எந்தப் புடவையை ஸ்கேன் செய்தாலும் ஒரே ஆள்தான். எனக்குத் தெரிந்தவர். தறியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருக்கிறார்.